உலைநீரும் உதிரிச் சோறும்

அரிசியைச் சோறாக்குவதில் இரண்டு விருப்பங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்கின்றன. பருக்கையின் நடுப்பகுதி வரை நீரும் வெப்பமும் சென்று மாவுத்தன்மை முற்றிலும் மறைய வேண்டும் என்பது ஒன்று. அவ்வளவு வெந்த பிறகும் ஒரு பருக்கை மற்றொன்றோடு ஒட்டாமல் தனித்தனியே உதிர வேண்டும் என்பது மற்றொன்று. உள்ளே வேகட்டும் என்று விட்டுவைத்தால் மேற்புறம் குழைந்துவிடுகிறது. குழைந்துவிடுமோ என்று முந்திக்கொண்டால் நடுவில் வேகாத வெள்ளைப் புள்ளி தங்கிவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையத்துக்குத் தெற்கே, செட்டியார்பட்டியையும் முகவூரையும் ஒட்டி அமைந்த தளவாய்புரத்தின் வீடுகளில் இச்சிக்கலுக்குத் தலைமுறைகளாக வழங்கிவரும் தீர்வு, அரிசியைப் போல் ஐந்தாறு மடங்கு நீரில் அதைப் பொங்கி, பதம் வந்ததும் கஞ்சியை வடித்துவிடுவதாகும். பிரஷர் குக்கர் பரவிய பிறகு வேலை மிகுந்த பழைய பழக்கம் என்று பல வீடுகளில் கைவிடப்பட்டுவரும் இம்முறையை, மாவுச்சத்தின் இயல்பை அறிந்து நோக்கினால், அது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்பது விளங்கும்.

அரிசியின் எடையில் 12 முதல் 14 விழுக்காடு ஈரம், ஏறத்தாழ 7 விழுக்காடு புரதம். எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்த மாவுச்சத்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் மைக்ரான் என்னும் அளவில் சொன்னால், 2 முதல் 8 மைக்ரான் வரையுள்ள பல பக்கங்கள் கொண்ட நுண்மணிகளாக உயிரணுக்களுக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளது. தானியங்களின் மாவுமணிகளில் இவை மிகச் சிறியவற்றைச் சேர்ந்தவை. ஒவ்வொரு மணியிலும் இரு வகை மூலக்கூறுகள் உள்ளன. குளுக்கோஸ் அலகுகள் பெரும்பாலும் ஒரே நீளமான சங்கிலியாகக் கோக்கப்பட்டது அமைலோஸ்; கருவேல மரத்தைப் போல் கிளைக்குள் கிளையாகப் பிரிந்து பரந்தது அமைலோபெக்டின். இவ்விரண்டின் விகிதமே ஓர் அரிசி உதிருமா ஒட்டுமா என்பதைப் பெருமளவு முடிவு செய்கிறது. மாவுச்சத்தில் அமைலோஸ் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பது ஒட்டரிசி எனப்படும். வடகிழக்கு மாநிலங்களிலும் தாய்லாந்தின் வடபகுதியிலும் லாவோஸிலும் கையால் உருட்டி உண்ணப்படுவது அது. ஜப்பானிய அரிசிகள் பலவும் 20 விழுக்காட்டுக்குக் கீழே நிற்க, பாஸ்மதி 20க்கும் 25க்கும் இடையிலும், தென்னிந்திய நெல்வகைகள் பல இந்த இடைநிலையிலோ அதற்கு மேலோ அமைந்திருக்கின்றன. ஆகவே தென் மாவட்டத்து அரிசிக்கு உதிரும் இயல்பு பிறப்பிலேயே ஓரளவு உண்டு. சமையலின் பொறுப்பு அதைக் கெடுக்காமல் காப்பது.

குளிர்ந்த நீரில் மாவுமணி கரைவதில்லை. சிறிது நீரை ஏற்றுக்கொண்டு அப்படியே இருக்கும். வெப்பம் ஏறி ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டும்போதுதான் மணிக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த சங்கிலிகளின் பிணைப்பு தளர்ந்து, நீர் உள்ளே புகுந்து, மணி பன்மடங்கு உப்பிப் பசையாகிறது. பசையாதல் என்று வழங்கப்படும் இம்மாற்றம், நெல்வகையைப் பொறுத்து 55 முதல் 79 டிகிரி செல்சியஸுக்குள் நிகழும். எல்லை கீழே உள்ள அரிசி சீக்கிரம் வேகும். மேலே உள்ளது நேரமும் நீரும் கூடுதலாகக் கேட்கும். உப்பிய மணிகளிலிருந்து சங்கிலிகள் சில கசிந்து வெளியேறுகின்றன. பருக்கையின் மேற்பரப்பில் தங்கும் அந்தக் கசிவு, குறிப்பாக அமைலோபெக்டின், பருக்கைகளை ஒட்டவைக்கும் பசையாக அமைகிறது. வேகாமல் கசிவு இல்லை, கசிவு இல்லாமல் வேக்காடும் இல்லை என்ற நிலையில், அந்தக் கசிவு எங்கே போகிறது என்பதே உதிரிச் சோற்றின் அடிப்படைக் கேள்வி. நீர் அளந்து வைத்து முழுவதும் வற்றவிடும் முறையில் அது பருக்கையின் மேலேயே படிந்து உலர்கிறது. வடிக்கும் முறையில் பெருமளவு கஞ்சியோடு பானையை விட்டுச் சென்றுவிடுகிறது.

அடுப்புக்கு வருமுன்பே அரிசியின் வரலாறு அதன் போக்கைத் தீர்மானித்துவிடுகிறது என்பதால், அதைச் சற்று விரிவாகக் காண்பது தகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மலையோடைகளும் வடகிழக்குப் பருவமழையும் நிரப்பும் கண்மாய்களை நம்பி நெல் விளையும் பகுதி இது. தென் மாவட்டங்களில் பெயர் பெற்ற அம்பை 16, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986இல் வெளியிடப்பட்டது. குட்டையும் பருமனுமான அதன் அரிசி சோற்றுக்கும் இட்லிக்கும் உதவுகிறது. அதே 1986இல் ஆந்திரத்தின் பாபட்லாவில் வெளியான பி.பி.டி. 5204, மெலிந்த சன்ன அரிசியாக, பல வணிகப் பெயர்களில் தமிழகமெங்கும் கடைகளில் கிடைக்கிறது. இவற்றோடு, குடும்ப அட்டைக்கு 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படும் ரேஷன் அரிசியும் சேர்கிறது. ஒரே வீட்டில் ஒரு மாதம் ஒரு வகையும் அடுத்த மாதம் வேறொரு வகையும் பொங்கப்படுவது இயல்பு; இந்த உண்மை பின்னர் வரும் வாதத்துக்கு முக்கியமானது.

இவற்றில் அன்றாடச் சோற்றுக்குப் பெரிதும் பயன்படுவது புழுங்கல் அரிசி. நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் உலர்த்தி, அதன் பிறகே அரைத்து எடுப்பது புழுங்கல். அவிக்கும்போது உமிக்குள்ளேயே மாவுமணிகள் பசையாகி ஒன்றோடொன்று இணைந்து, உலரும்போது கண்ணாடித் தன்மையோடு இறுகுகின்றன. அரிசியில் இருந்த நுண்வெடிப்புகள் ஒட்டிப்போகின்றன. அமைலோஸின் ஒரு பகுதி அரிசியிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு பிணைந்து எளிதில் கரையாத கூட்டாகிறது. அதனால் புழுங்கல் அரிசி ஆலையில் குறைவாக நொறுங்குவதோடு, உலையில் மெதுவாக வெந்து, குறைவாகக் கசிந்து, விரிந்தும் உடையாமல் நிற்கிறது. பச்சரிசி 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும் இடத்தில் புழுங்கலுக்கு 25 முதல் 40 நிமிடம் வரை பிடிக்கலாம். அந்தக் கூடுதல் நேரத்தைக் குறையாகக் கருதுவது பொருத்தமற்றது. ஒரு நிமிடம் முன்பின் ஆனாலும் பதம் தவறிவிடாத இடைவெளியை அடுப்படியில் நிற்பவருக்கு அளிப்பது அந்த நேரமே.

வகையைப் போலவே வயதும் எண்ணத்தக்கது. தை, மாசியில் அறுவடையாகி உடனே அரைத்த புத்தரிசி பொங்கும்போது குழைகிறது. சில மாதங்கள் இருப்பில் கிடந்த அரிசி கூடுதலாக நீர் ஏற்று, பருத்து, உதிர்ந்து நிற்கிறது. இருப்பில் கிடக்கும் அரிசியின் புரதங்களுக்கிடையே கந்தக அணுக்களால் ஆன இணைப்புகள் பெருகி, அவை மாவுமணிகளைச் சுற்றி வலுவான வலையாக அமைவதும், கொழுப்பு சிதைந்து விடுபடும் அமிலங்கள் அமைலோஸைப் பிணைத்துக்கொள்வதும் இதற்குக் காரணங்கள். தைப் பொங்கலுக்குப் புத்தரிசியும் அன்றாடச் சாப்பாட்டுக்குப் பழைய அரிசியும் என்று வழக்கம் வகுத்துவைத்த பிரிவினை, இவ்வகையில் வேதியியலோடு முழுக்க இசைந்து செல்கிறது.

அரிசியைக் களைவதால் மேற்பரப்பிலுள்ள தவிட்டுத் தூளும் ஆலையில் உராய்ந்து உண்டான மாவும் நீங்குகின்றன; நீர் ஓரளவு தெளியும்வரை இரண்டு முறை களைவது போதும். ஒட்டும் தன்மையின் பெரும்பங்கு வேகும்போது உள்ளிருந்து கசிவதால் வருவதாகையால், களைவதை மட்டும் நம்பி உதிரிச் சோற்றை எதிர்பார்க்க முடியாது. முறத்தில் புடைத்துக் குருணையை நீக்குவது அதைவிடப் பயன் தருகிறது. உடைந்த அரிசியின் வெட்டுமுகத்திலிருந்து மாவு தடையின்றிக் கரைவதால், ஒரு கைப்பிடிக் குருணை பானை முழுவதையும் கொழகொழப்பாக்கிவிடும். களைந்த அரிசி அரை மணி நேரம் ஊறினால், பச்சரிசியின் ஈரம் 30 விழுக்காட்டை நெருங்குகிறது. உலையில் விழும்போது மையத்துக்கும் மேற்புறத்துக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுக்குக் குறைந்து, உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒருசேர வேகின்றன.

உலைநீர் கொதித்த பிறகே அரிசியை இடுவது வடிப்பதன் முதல் விதி. அரிசி விழுந்ததும் வெப்பம் சற்று இறங்கினாலும், நீர் மிகுதியாக இருப்பதால் விரைவில் மீண்டும் கொதிநிலையை அடைகிறது. பசையாதல் தொடங்கும் எல்லைக்கு அருகில் அரிசி நெடுநேரம் கிடந்து மேற்புறம் மட்டும் ஊறிக் குழைவது இதனால் தவிர்க்கப்படுகிறது. அடிவாரச் சமவெளியான தளவாய்புரத்தில் நீர் 100 டிகிரிக்கு மிக அருகிலேயே கொதிக்கிறது. ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் அது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அங்கே அதே அரிசிக்குக் கூடுதல் நேரம் தேவை. கொதித்த பிறகு தீயைப் பெருக்குவதால் நீரின் வெப்பநிலை உயர்வதில்லை என்பது பலர் மறக்கும் உண்மை. பெருந்தீ ஆவியைத்தான் பெருக்கும். அதோடு பருக்கைகளைப் பானையில் மோதவிட்டு உடைக்கும். கொதி அடங்காத அளவுக்கு மட்டும் தீயை வைத்து, அரிசி அடியில் படியாமல் இருக்கத் தொடக்கத்தில் ஓரிரு முறை மட்டும் துழாவி, பிறகு அகப்பையை விலக்கி வைப்பது நல்லது. பானை பொங்கி வழிவதும் கசிந்த மாவுச்சத்தின் வேலைதான்: கரைந்த மாவும் புரதமும் நீர்க்குமிழியின் சுவரை உடையாமல் தாங்கி நிறுத்துவதால் நுரை எழுகிறது. மூடியைச் சாய்த்துத் திறந்து வைத்தால் நுரை குளிர்ந்து அடங்கிவிடுகிறது.

நீர் மிகுதியாக வைப்பதன் ஆழமான பயன் இனிதான் வருகிறது. வெந்து முடியும்போது அரிசி தன் எடையைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீரை ஏற்றிருக்கும். ஆனால் எவ்வளவு ஏற்கும் என்பது வகை, வயது, புழுங்கல் செய்த விதம், ஊறிய நேரம் அனைத்தையும் பொறுத்தது. நீரை அளந்து வற்றவிடும் முறையில் இவை யாவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஆவியாகும் நீர் அரிசியின் அளவைப் பொறுத்ததன்று, பானையின் வாயகலத்தையும் தீயையும் நேரத்தையும் பொறுத்தது என்பதால், அரிசியை இரட்டித்தால் நீரையும் அப்படியே இரட்டிப்பது தவறாகிவிடுகிறது. இரண்டு பேருக்குச் சரியாக வந்த கணக்கு எட்டுப் பேருக்குக் குழைந்துபோவதன் காரணம் இதுவே. வடிக்கும் முறையில் இந்தக் கணக்கு அடியோடு நீங்குகிறது. அரிசி வேண்டிய நீரைத் தானே எடுத்துக்கொள்ள, மிச்சம் வெளியேறுகிறது. முடிவு செய்ய வேண்டியது நேரம் ஒன்று மட்டும். இந்த மாதம் கடையில் வாங்கிய சன்ன அரிசியும் அடுத்த மாதம் ரேஷனில் வந்த பருமன் அரிசியும் மாறி மாறி வரும் அடுப்படிக்கு, அளவுக் கருவி ஏதுமின்றி இவ்வளவு உறுதியாகப் பலன் தரும் வேறொரு முறையைக் காண்பது அரிது.

நேரத்தை முடிவு செய்யும் வழிதான் பதம் பார்த்தல். அகப்பையில் இரண்டு பருக்கையை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கி, நடுவில் வெள்ளைக் கரு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது தமிழகம் முழுவதும் வழங்கும் சோதனை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி அதில் பிறந்தது. உணவு ஆய்வகங்களும் இதே அடிப்படையில்தான் அரிசியின் வேகும் நேரத்தை வரையறுக்கின்றன. இத்தாலிய ஆய்வாளர் ரங்கினோ 1966இல் வெளியிட்ட முறைப்படி, கொதிநீரிலிருந்து குறித்த இடைவெளிகளில் பருக்கைகள் எடுக்கப்பட்டு இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அழுத்தப்படுகின்றன. பத்தில் ஒன்பது பருக்கைகளில் ஒளி புகாத வெள்ளைக் கரு மறைந்துவிட்ட கணமே வேகும் நேரமாகக் கொள்ளப்படுகிறது. பசையாகாத மாவுமணிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகவும், பசையானவை ஒளியை ஊடுருவவிடுவதால் கண்ணாடி போலவும் தோன்றுவதே இச்சோதனையின் அடிப்படை. அடுப்படியில் கடைப்பிடிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு: ஊசிமுனை அளவு கரு எஞ்சியிருக்கும்போதே வடித்துவிட வேண்டும். வடித்த பின்னும் பானைக்குள் வேக்காடு தொடர்வதே இதற்குக் காரணம்.

வடிதட்டைப் பிடித்துப் பானையைச் சாய்த்துக் கஞ்சி முழுதும் இறங்கும்வரை பொறுத்திருப்பது முதல் கட்டம். அதை நிமிர்த்தி, மூடியோடு தணலில் வைப்பது இரண்டாம் கட்டம். விறகடுப்பில் அணைந்த தணல் செய்த வேலையை, எரிவாயு அடுப்பில் மிகச் சிறிய தீயில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துப் பிறகு அணைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுவதால் பெறலாம். வடித்த கணத்தில் பருக்கையின் மேற்புறத்தில் நீர் மிகுந்தும் மையத்தில் குறைந்தும் இருக்கிறது; இந்த இடைவேளையில் மேற்புற ஈரம் ஒரு பங்கு ஆவியாகி, மற்றொரு பங்கு உள்நோக்கிப் பரவி, எஞ்சியிருந்த கருவையும் வேகவைத்துவிடுகிறது. வெப்பம் சற்றுத் தணியத் தொடங்கும்போது மேற்பரப்பிலுள்ள அமைலோஸ் சங்கிலிகள் மீண்டும் அருகருகே அடுக்கிக்கொண்டு இறுகுகின்றன. பத்து நிமிடத்துக்குப் பின் அகப்பையின் ஓரத்தால் சோற்றை மெல்லக் கிளறிவிட்டால் பருக்கை உடையாமல் பிரிவதும், வடித்த உடனே கிளறினால் அதே சோறு நசுங்கிக் களியாவதும் இதனாலேயே. பொறுமையின்மையால் கெடும் சோறு, தவறான அளவால் கெடும் சோற்றைவிட அதிகம் என்றே சொல்லலாம்.

இந்த இறுகுதல் தளவாய்புரத்தில் தனிப் பொருள் பெறுகிறது. நைட்டி முதலிய ஆயத்த ஆடைகளைத் தைக்கும் கூடங்கள் நிறைந்த இவ்வூரில், காலையில் பொங்கிய சோறு தூக்குச்சட்டியிலும் டிபன் பாக்ஸிலும் நடுப்பகல்வரை காத்திருக்கிறது. அடைத்த பாத்திரத்தில் சூடான சோற்றை அழுத்தி நிரப்பினால், ஆவி மூடியில் நீராகி மீண்டும் மேலே விழுந்து, குளிரும் மாவுச்சத்து பருக்கைகளை ஒன்றாகப் பிணைத்துக் கட்டியாக்கிவிடும். வடித்த சோற்றில் மேற்பரப்புப் பசை குறைவாதலால் அக்கட்டி எளிதில் உதிர்கிறது. அகன்ற தட்டில் பரப்பி ஆவி போகவிட்டு நிரப்பினால் இன்னும் நலம். எலுமிச்சை, புளிச் சோற்றுக்கு முதலில் தாம்பாளத்தில் நல்லெண்ணெய் விட்டு ஆறவைப்பதும் இதே நோக்கில்தான். எச்சரிக்கையும் ஒன்று இங்கே இன்றியமையாதது: பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் விதைவடிவங்கள் கொதிநீரிலும் பிழைத்து, வெதுவெதுப்பான சோற்றில் நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகும், அது உண்டாக்கும் நச்சுகளில் ஒன்று மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. காலைச் சோற்றை மதியத்துக்குள் உண்டு முடித்து, எஞ்சியதை உடனே குளிர்பதனப் பெட்டியில் வைப்பது பாதுகாப்பானது.

வடிப்பதற்கு ஒரு விலை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நீரில் கரையும் பி வகை வைட்டமின்கள், குறிப்பாகத் தயமின், கணிசமாகக் கஞ்சியோடு போய்விடுகின்றன. தீட்டிய அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட மக்களைத் தயமின் குறைவால் தாக்கிய பெரிபெரி நோயை ஆராய 1918இல் குன்னூரில் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய விசாரணைக்கூடமே, பின்னர் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே ஊடுருவிவிடுவதால், புழுங்கல் உண்டவர்கள் பெரிபெரியிலிருந்து பெரிதும் காக்கப்பட்டார்கள். ஆகவே வடிப்பதும் புழுங்கலும் ஒரே அடுப்படியில் சேர்ந்து வளர்ந்திருப்பது நல்வாய்ப்பு. வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாமல் உப்பிட்டுப் பருகுவதும், மாட்டுக் கழனிப் பானையில் சேர்ப்பதும், பருத்தித் துணிக்குக் கஞ்சியாகப் போடுவதும் இழப்பை ஓரளவு ஈடுசெய்யும் பழக்கங்கள். இவற்றுள் முதலாவது மீட்டெடுக்கத் தக்கது. நிலத்தடி நீரிலும் அரிசியிலும் ஆர்சனிக் மிகுந்த வங்காளப் பகுதிகளில், அந்த நச்சின் ஒரு பகுதியையும் வடிநீர் கொண்டு சென்றுவிடுகிறது என்பது இழப்பின் மறுபக்கம்.

எரிபொருளும் கூடுதலாகச் செலவாகிறது. அரைக் கிலோ அரிசிக்கு மூன்று லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற 880 கிலோஜூல் அளவு வெப்பம் தேவை. அடுப்பின் வெப்பத்தில் மூன்றில் இரு பங்குதான் பானைக்குச் சேர்கிறது என்று கொண்டால், ஏறத்தாழ 30 கிராம் எரிவாயு உலை கொதிக்கவே ஆகும். நீரளந்து வைப்பவருக்கு அதில் பாதிக்கும் குறைவே போதும். ஆயினும் பசையாதல் 80 டிகிரிக்குக் கீழேயே தொடங்கி நிகழ்வது என்பதால், அரிசி இட்டுப் பத்து நிமிடம் கொதித்த பானையைத் தெர்மல் குக்கரில் இறக்கி வைத்து, வெப்பம் வெளியேறாமல் அடைத்துவிட்டால், புழுங்கல் அரிசி தீயே இல்லாமல் வெந்து முடியும். அதன் பின் வடித்தால் சிக்கனமும் உதிரித்தன்மையும் ஒருங்கே கிட்டும். பிரஷர் குக்கரோ 120 டிகிரியை எட்டி நேரத்தைச் சுருக்குகிறது, வைட்டமினையும் உள்ளேயே வைத்திருக்கிறது. ஆனால் கசிவு முழுவதும் சோற்றிலேயே தங்குவதோடு, பதம் பார்க்க இடையில் திறக்கவும் வழியில்லை.

குழைவே வேண்டப்படும் இடங்களில் மேற்சொன்னவை அனைத்தும் தலைகீழாகும். ஆண்டாள் திருப்பாவையின் 27ஆம் பாசுரத்தில் பாடிய நெய் வழியும் பால்சோற்றை நினைந்து, மார்கழியில் வைணவ இல்லங்களிலும் கோயில்களிலும் ஆக்கப்படும் அக்காரவடிசிலுக்குப் பச்சரிசியே கொள்ளப்படுகிறது. பால் சேர்த்துச் சிறுதீயில் நெடுநேரம் கிண்டுவதால் பருக்கைகள் உடைந்து மாவுச்சத்து முழுவதும் வெளிவந்து பாலைக் கெட்டியாக்க, ஒரு துளியும் வடிக்கப்படுவதில்லை. வெல்லத்தை மட்டும் அரிசி முற்றும் மசிந்த பிறகே சேர்க்க வேண்டும். சர்க்கரை நீரைத் தன்பால் பிடித்துக்கொண்டு பசையாதலின் வெப்ப எல்லையை உயர்த்திவிடுவதால், முன்பே சேர்த்தால் அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைத்தே நிற்கும்.